பாகும் கேனின் பூர்வீகமும்

தை பிறந்து கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் நாட்களில், ஆலைக்கொட்டாய் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. வெல்லம் இறுகுவதற்கு முந்தைய பதத்தில் கொப்பரையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, “பசங்களுக்குத் தோசைக்கு ஊத்திக் குடு” என்று நீட்டுவார்கள். அப்போது கையில் எது அகப்படுகிறதோ அதில்தான் வாங்கிக்கொள்வோம். காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கொட்டாயில், குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை நான் நீட்டினேன். பாதி நிறைவதற்குள் பாட்டில் தானாகவே சுருங்கியது. அடிப்பாகம் உருண்டையாகிச் சாய்ந்தது. உள்ளே இருந்த பாகு அப்படியே என் வலது பாதத்தில் இறங்கியது. பதறிப்போய் நான் தண்ணீரைத் தேடாமல், யாரோ எடுத்து வந்த பேனா மையைப் பூசிக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது, தழும்பு போகவில்லை.

பாகு காய்ச்சும் பக்குவம் சொல்ல வீட்டுக்கு ஒரு பாட்டி இருக்கிறார். கரும்புச்சாற்றுப் பாகு, பனம்பாகு, கோடைக்கு முன்பே போட்டு வைக்கும் நன்னாரி சர்பத் என்று ஒவ்வொன்றுக்கும் கைப்பக்குவம் உண்டு. காய்ச்சியதை எதில் ஊற்றலாம், எதில் கூடாது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் சூட்டின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை அதற்கு மேலே போகும். நீர் வற்ற வற்ற இன்னும் ஏறும். கரும்புச்சாறு ஊற்றும் பாகாக நிற்கும் பதம் ஏறக்குறைய 105 டிகிரி. அச்சில் வார்க்கிற வெல்லத்துக்கு 118 வரை போக வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சுகிறவர்களின் கணக்கும் இதேதான். தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேல் 4 டிகிரி ஏறியதும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள். மேப்பிள் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், ஒரு லிட்டர் பாகுக்கு அவர்கள் 40 லிட்டர் வரை காய்ச்ச வேண்டும். நம் பதநீரிலும் கரும்பிலும் அதைவிடப் பல மடங்கு இனிப்பு இருப்பதால் நமக்கு விறகு மிச்சம். மற்றபடி அடுப்பிலிருந்து இறங்கும் பொருளும் அதன் ஆபத்தும் ஒன்றே.

வெந்நீர் மேலே பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு நின்று சுடும். ஒருவேளை பட்டுவிட்டால் குழாயடியில் காட்டி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்திருங்கள். மை, தோசை மாவு, பற்பசை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் கிள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். பாகு ஊற்றும் இடத்தில் குழந்தைகள் இருக்கவே கூடாது.

இனி பிளாஸ்டிக். பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். தண்ணீர், குளிர்பானம், ஜூஸ் பாட்டில்களில் 1 என்று இருக்கும். அது பெட். 70 டிகிரியைத் தாண்டும்போதே இளகத் தொடங்கிவிடும். என் பாதத்தில் பாகைக் கொட்டியதும் அதுதான். சூடாகவே பானம் நிரப்பும் தொழிற்சாலைகளும் பெட் பாட்டிலைத்தான் பயன்படுத்துகின்றனவே என்று கேட்கலாம். அவை வெப்பத்தில் பதப்படுத்திய தடித்த பாட்டில்கள். ஆறும்போது உள்ளிழுப்பைத் தாங்குவதற்காகப் பக்கங்களில் பள்ளம் வைத்து வார்த்திருப்பார்கள். அதிலும் 1 என்றுதான் போட்டிருக்கும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. போதாததற்கு, பெட் தயாரிக்கும்போது ஆன்டிமனி சேர்மம் ஒன்றை வினையூக்கியாகப் போடுகிறார்கள். சாதாரணச் சூட்டில் மிகச் சொற்பமாகவே வெளியே வரும் அது, சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கரையும். உருகாத பெட் பாட்டிலிலும் கொதிக்கும் பாகை ஊற்றாதீர்கள் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

பிளாஸ்டிக்கில் சூட்டைத் தாங்குவது 5 என்று போட்டிருக்கும் பாலிப்ரொப்பிலீன். அது உருகுவதற்கு 160 டிகிரி வேண்டும். நல்ல டிபன் டப்பாக்கள் பலவும் அதில்தான் வருகின்றன. 2 என்பது கெட்டியான பாலிஎத்திலீன். வட அமெரிக்காவில் கைப்பிடி வைத்த மேப்பிள் பாகு ஜாடிகள் பெரும்பாலும் அந்த வகை. ஆனால் அவர்கள் பாகை 85 டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். 6 என்றால் தொட்டால் நொறுங்கும் மெல்லிய கப் வகை. சூடான எதற்கும் அது ஆகாது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல, 7-இல் அடங்கும் பாலிகார்பனேட்டால் ஆனவை. சூடு பட்டால் அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற பொருள் கூடுதலாகக் கசியும். உடைந்த கேனை வெட்டிப் பாகு வைக்கும் தொட்டியாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சூடான சாம்பாரைக் கட்டித் தந்த மெல்லிய கவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அவை தடை செய்யப்பட்டவை. அந்தச் சாம்பாரைவிடப் பாகு சூடானது.

“ஃபுட் கிரேட்” என்ற இரண்டு சொற்களைக் கண்டதும் மனம் சமாதானமாகிவிடுகிறது. அது பொய்யான சொல் அல்ல. உணவைப் பொதியும் பொருட்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தனி விதிமுறையே கொண்டுவந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள், கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதில் வரம்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் செய்வது என்பது அந்தப் பாத்திரம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. குளிர்ந்த தண்ணீருக்காகத் தேறிய பாட்டில் கொதிக்கும் பாகுக்கும் தேறியதாக ஆகாது. அந்த இரண்டு சொற்களோடு “எத்தனை டிகிரி வரைக்கும்?” என்ற கேள்வியையும் சேர்த்தே கடைக்காரரிடம் கேளுங்கள்.

கண்ணாடிதான் என் முதல் தேர்வு. எதையும் உறிஞ்சாது, எதையும் விடாது, உள்ளே இருப்பது தெரியும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஜாம், ஊறுகாய், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எல்லாம் சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. உள்பக்கம் சட்டென்று சூடானால் அது விரியப் பார்க்கும். வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் விரியாது. அந்த இழுபறியில் கண்ணாடி விரிசல் விடும். இந்த வகைக் கண்ணாடி பொறுக்கிற வித்தியாசம் சுமார் 40 டிகிரிதான். ஆய்வகங்களில் இருக்கும் போரோசிலிகேட் கண்ணாடி இதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும் என்பதால் நன்றாகத் தாங்கும். தடித்த பாட்டில் பலமானது என்று நினைக்கிறோம். சூட்டைப் பொறுத்தவரை நேர்மாறு. அடி தடித்துப் பக்கம் மெலிந்த பாட்டில், மூலை மூலையாக வடிவம் வைத்த அலங்காரப் பாட்டில், கீறல் விழுந்த பாட்டில் இவைதான் முதலில் உடையும். சூடான பாகு நிறைந்த பாட்டிலைக் கொண்டுபோய் ஈரச் சிமெண்டுத் தரையிலோ கடப்பைக்கல் மேலோ வைப்பது இன்னும் மோசம். வெளிப்பக்கம் திடீரென்று சுருங்கி, அடி அப்படியே வட்டமாகக் கழன்று வந்துவிடும். கீழே ஒரு பலகையோ மடித்த கோணியோ போதும்.

உலோகத்துக்கு வந்தால் பேச்சு வழக்கிலேயே ஒரு குழி இருக்கிறது. நம் வீடுகளில் அலுமினியத்தை “ஈயப் பாத்திரம்” என்கிறோம். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். பழைய பற்றவைப்புகளில் இருப்பதோ காரீயம், நரம்பையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கிற நஞ்சு. மூன்றுக்கும் ஒரே பெயர் சொல்லிப் பழகிவிட்டதால், “ஈயம்தானே, காலங்காலமா இருக்கிறது” என்று தவறான பொருளை நம்பிவிடுகிறோம். ஈயம் பூசுகிறவரிடம் சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். மலிவுக்காகக் காரீயம் கலப்பதும் நடக்கிறது.

மேப்பிள் நாட்டுக்காரர்களும் இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். மரத்தில் சாறு பிடிக்க அவர்கள் தொங்கவிட்ட பழைய வாளிகளும், காய்ச்சிய சில தட்டுகளும் காரீயம் கலந்த பற்று வைத்தவை. அந்தக் காரீயம் பாகில் இறங்குவது தெரிந்த பிறகு எவர்சில்வருக்கும் பிளாஸ்டிக் குழாய்களுக்கும் மாறினார்கள். பரணிலிருந்து தாத்தா காலத்து அண்டாவை இறக்கிப் பாகு காய்ச்ச நினைப்பவர்கள், அதன் மூட்டு ஓரங்களில் மங்கிய சாம்பல் நிறப் பற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் அது அழகுக்கு இருக்கட்டும்.

அலுமினியத்துக்கு வேறு பிரச்சினை. அதன் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதற்குக் காவல். சுண்ணாம்பு போன்ற காரப் பொருளும் எலுமிச்சை போன்ற புளிப்பும் அந்தத் தோலைக் கரைத்துவிடும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிகிறோம். ஆகவே இரண்டையும் அலுமினியத்தில் வைத்திருக்க வேண்டாம். ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவற்றிலும் புளிப்புள்ள சர்பத்தை வைக்கக் கூடாது. எவர்சில்வர் தூக்கு தாராளமாக ஆகும். காற்றுப் புகாமல் மூட முடியாது என்பது மட்டுமே அதன் குறை. பீங்கான் ஜாடி புதிதாக, உணவுக்கென்று விற்றதாக இருந்தால் சரி. மெருகு வெடித்த பழைய ஜாடியில் ஊறுகாயும் வேண்டாம், பாகும் வேண்டாம், ஏனென்றால் பழைய மெருகுகளில் காரீயம் உண்டு.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது ராணிப்பேட்டை, வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு.

தோல் பதனிடும் ஊர்களில் கேனுக்கும் டிரம்முக்கும் பஞ்சமே இல்லை. ஃபார்மிக் அமிலம் வெள்ளை கேன்களில் வருகிறது. தோலை மிருதுவாக்கும் எண்ணெய்க் கலவைகளும் சாயங்களும் பூஞ்சைக்கொல்லிகளும் நீல டிரம்களில் வருகின்றன. காலியானதும் அவை பழைய பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்கவும், கல்யாண வீடுகளுக்கும், சில சமயம் கொட்டாய்களுக்கும் வந்துவிடுகின்றன. சென்ற வருடம் ஒரு கடையில் கைப்பிடி வைத்த 35 லிட்டர் கேன் ஒன்றை விலை கேட்டேன். “இதுல முன்னாடி இன்னா இருந்துச்சுண்ணா?” என்றேன். “தெரியாதுப்பா. சோடா போட்டு நல்லா கழுவியாச்சு, ஒண்ணும் ஆவாது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. பயமே அங்கேதான்.

எவர்சில்வரையும் கண்ணாடியையும் தேய்த்துக் கழுவினால் பழைய சரக்கு போய்விடும், ஏனென்றால் அது மேற்பரப்பில்தான் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் அப்படியல்ல. மண்ணெண்ணெய் வைத்த கேனை எத்தனை முறை கழுவினாலும் வாடை வருகிறதே, அதுதான் இதற்குச் சாட்சி. எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்கள் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறி உட்கார்ந்துகொள்கின்றன. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் மெதுவாகக் கசியும், வெளியே தெரியாது. சூடான பாகை ஊற்றினால் அந்தச் சூடே உள்ளே இருப்பதைக் கிளப்பி வெளியே தள்ளும். இத்தனை வருடம் தண்ணீர் பிடித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பது பாகுக்குச் செல்லாத வாதம்.

தீங்கில்லை என்று காட்டுவது யார் பொறுப்பு என்ற கேள்வி பாலாற்றுப் பகுதிக்காரர்களுக்குப் புதிதல்ல. தோல் கழிவால் ஆறும் கிணறும் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அதில் இருப்பது பலருக்கும் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது: தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. பாதிக்கப்பட்டவர் வந்து நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பழைய கேன் விஷயத்தில் நான் வைத்திருப்பதும் அதே முறைதான். அதில் விஷம் இருந்தது என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு உணவுதான் இருந்தது என்று எனக்குத் தெரிந்தால் மட்டுமே வாங்குவேன். தெரியாவிட்டால் அதில் கீரைச் செடிகூட வைக்க மாட்டேன். ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தால் விலை கேட்பதே இல்லை.

ஆனால் பழைய பாட்டில் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. இலங்கையில் தயிரோடு ஊற்றிச் சாப்பிடும் கித்துள் பாணி என்ற பாகைப் பழைய சாராயக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து விற்பது நீண்ட கால வழக்கம். கண்ணாடி, முன்பு இருந்தது குடிக்கும் பொருள், கழுவினால் போகும். மூடியை மட்டும் புதிதாகப் போட வேண்டும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பழைய வாடையைப் பிடித்துக்கொள்ளும், முதல் முறை இறுகிய பிறகு இரண்டாம் முறை சரியாகவும் மூடாது. ஃபினாயில், ஆசிட், பூச்சிமருந்து இருந்த பாட்டில் என்றால் கண்ணாடியாக இருந்தாலும் வேண்டாம். தவறிப்போய் ஒரு பாட்டில் மாறினால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே போதும்.

ஊற்றும் முறைக்கு வருவோம். கழுவிய கண்ணாடி பாட்டில்களை, அடியில் துணி விரித்த பாத்திரத்தில் நிறுத்தி, பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீரும் பாட்டிலும் சேர்ந்தே சூடாகட்டும். பத்து நிமிடம் கொதித்ததும் இடுக்கியால் எடுத்து, சுத்தமான உலர்ந்த துணிமேல் கவிழ்த்து வையுங்கள். துடைக்க வேண்டாம், தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். உள்ளே ஈரம் தங்கக் கூடாது. இறக்கிய பாகு 85 டிகிரிக்கு வரும்வரை காத்திருங்கள். இதற்கு ஒரு சமையல் வெப்பமானி வேண்டும். ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ இதைக் கணிக்க முடியாது. பாட்டில் இன்னும் சூடாக இருக்கும்போதே எவர்சில்வர் புனல் வைத்து, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, மூடியைப் போட்டு, தடித்த துணியால் பிடித்து ஓரிரு நிமிடம் சாய்த்து வையுங்கள். மூடியின் உள்பக்கத்திலும் கழுத்திலும் அந்தச் சூடு பட வேண்டும் என்பதற்காகத்தான் இது. மேப்பிள் பாகு அடைக்கிறவர்களும் இப்படித்தான் சாய்க்கிறார்கள்.

ஏன் 85? 105-இல் ஊற்றினால் மூடியின் வளையமும் கண்ணாடியும் அவதிப்படும். தெறித்தால் கை வெந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு ஊற்றினால் மூடியிலும் காற்றிலும் இருக்கும் பூஞ்சை வித்துகள் சாகாமல் உள்ளே போய்விடும். தேன் வருடக்கணக்கில் கெடாதே, பாகு மட்டும் ஏன் கெடும் என்று கேட்பார்கள். தேனில் நீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. ஊற்றும் பதத்தில் நிறுத்திய பாகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர். பூஞ்சைக்கு அது போதும். மூடியில் ஆவி படிந்து சொட்டுச் சொட்டாக மேலே விழுந்தால் அந்த இடத்தில் பாகு இன்னும் நீர்த்துப்போய், பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும்.

பாட்டில் ஆறும்போது உள்ளே இருந்த ஆவி சுருங்கி, உலோக மூடியின் நடுப்பகுதி லேசாகக் குழியும். மறுநாள் விரலால் அமுக்கிப் பாருங்கள். குழிந்தபடியே அசையாமல் இருந்தால் நன்றாக மூடியிருக்கிறது. அமுக்கும்போது “டக்” என்று மேலும் கீழும் போனால் அந்தப் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். திறந்த எந்தப் பாட்டிலும் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். வேலூர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். மேலே பூஞ்சை படிந்தால், அதை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடாமல் பாட்டிலையே கொட்டிவிடுங்கள்.

கண்ணாடியே இல்லை, வெப்பமானியும் இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்திலேயே மெல்லிய துணி கட்டிப் பாகை ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்கிய பிறகு எவர்சில்வர் தூக்கிலோ 5 எண் போட்ட டப்பாவிலோ மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடலாம். கொட்டாய்க்குப் போகும்போதும் அப்படித்தான். இப்போதெல்லாம் என் வண்டியில் கைப்பிடி வைத்த எவர்சில்வர் தூக்கு ஒன்று எப்போதும் கிடக்கிறது. மூடியைத் திருகாமல் மேலே வைத்து, கால்மாட்டில் துணி சுற்றி நிறுத்தி எடுத்து வருவேன்.

கடைசியில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் ஊற்றியது என்று எழுதிவையுங்கள். பாகு தீர்ந்து பாட்டில் காலியான பிறகும் அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். அடுத்து அந்தப் பாட்டிலை எடுக்கிறவர் அதில் முன்பு என்ன இருந்தது என்று தேட வேண்டியிருக்காது.